தடித்த எழுத்து நமக்கு

"கிளம்பலாமா?"

ஞாயிற்றுக்கிழமை காலை, குளித்து முடித்து, ஊதாச் சட்டையின் கடைசிப் பொத்தானையும் போட்டுக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார் பேராயர்.

அவர் மனைவி பிஷப்பம்மா காபியை ஆற்றுகிற சாக்கில் அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றாள். எங்கே என்று கேட்டால் அது நடிப்பு. கேட்காமல் இருந்தால் அதைவிடப் பெரிய நடிப்பு. நேற்று மாலையிலிருந்து அவள் நெஞ்சில் ஒரு விஷயம் கல்லாய்க் கிடந்தது. அதை எப்படிச் சொல்வது என்று புரண்டு புரண்டு படுத்ததில் தலையணை உறைதான் கசங்கியது, விஷயம் வெளியே வரவில்லை.

விஷயம் இதுதான். "அம்மா, நாளைக்கு நீ மட்டும் வா. அப்பா வேண்டாம்," என்று மகள் ஃபோனில் சொல்லியிருந்தாள்.

மகளை வீட்டில் மணி என்றுதான் கூப்பிடுவார்கள். சின்ன வயதில் தேவாலயத்து மணிக்கயிற்றைப் பிடித்துத் தொங்கி, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஊரையே ஜெபத்துக்குக் கூட்டியவள். அந்த மணி இப்போது குருவானவர். போன மாதம்தான் குருப்பட்டம் பெற்றாள். இன்று, தனக்கென்று தரப்பட்ட சபையில், முதல்முறையாகத் தானே பீடத்தின் முன் நின்று திருவிருந்து ஆராதனை நடத்தப் போகிறாள்.

பெற்ற அப்பா வர வேண்டாமா என்றால், அந்த அப்பா பேராயராக இருந்ததுதான் சிக்கல்.

"பிஷப் ஒருத்தர் உள்ள உக்காந்திருந்தா, முடிவுல ஆசீர்வாதம் அவர்தாம்மா சொல்லணும். அதானே வழக்கம். நான் கூப்பிடலன்னா மரியாதை தெரியாதவன்னு சொல்வாங்க. கூப்பிட்டா, என்னோட முதல் ஆராதனையில கடைசி வார்த்தை அப்பாவோடதா போயிடும். எனக்குன்னு ஒண்ணு கூட இருக்கக் கூடாதா?"

அதோடு நிறுத்தியிருந்தால் பிஷப்பம்மா நன்றாகத் திட்டியிருப்பாள். "எத்தனை பேர் தலையில கை வச்சுப் பட்டம் குடுத்திருக்காரு. என் முறை வந்தப்ப மட்டும் அந்தக் கை வரலையே," என்று மகளின் குரல் உடைந்துவிட்டது. "சரிடி, நான் பாத்துக்கறேன்," என்று வீரமாகச் சொல்லி ஃபோனை வைத்தாள் பிஷப்பம்மா. அந்த வீரம் ஃபோன் வைத்த கையோடு போயே போய்விட்டது.

மகள் சொன்னது பொய்யும் இல்லை. அவள் பட்டத்துக்குத் தயாராகி நின்றபோது பேராயர் ஓய்வு பெறச் சில மாதங்கள் பாக்கி இருந்தன. அப்பனே மகளுக்குப் பட்டம் கட்டினான் என்று ஒரு நாக்கும் பேசக் கூடாது என்று தள்ளி வைத்தார். பிறகு ஓய்வு பெற்றார். மேய்ப்பர் கோலைப் பீடத்தின் மேல் கிடத்திவிட்டு வெறுங்கையோடு படியிறங்கினார். அடுத்து வந்த பேராயர் மணிக்குப் பட்டம் கொடுத்த நாளில், பழையவன் போய்ப் புதியவர் முதுகுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்று இந்த மூன்றாம் மாடி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் கொள்கை.

வர வேண்டிய நாளில் வராத மனிதர், வர வேண்டாம் என்ற நாளில் தலை சீவிக்கொண்டு நிற்கிறார்.

"முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"இருக்கிற இடத்துல இருக்கு."

"டாக்டர் ரொம்ப நேரம் உக்காரக் கூடாதுன்னாரே."

"மண்டி போடக் கூடாதுன்னாரு. உக்காரக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

"மழை வர்ற மாதிரி இருக்கு."

"வரட்டுமே. கார்லதானே போறோம்." பேராயர் மனைவியைக் கூர்ந்து பார்த்தார். "உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தாள். அப்போதுதான் அவர் கையிலிருந்த நீளப் பையைப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷமாக அவர் அங்கியைத் தேய்த்து மடித்து அவள் வைக்கிற பை.

"அங்கி எதுக்கு?"

"சும்மாத்தான்." அவர் பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "ஒருவேளை கேட்டாங்கன்னா."

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஆசீர்வதித்த கை மட்டும் இருந்துவிடுமா? பிஷப்பம்மா எடுத்த வாயை மூடிக்கொண்டாள்.

கீழே கார் ஹாரன் அடித்தது. மணியின் அண்ணன், பெரியவன் வந்துவிட்டான்.

* * *

பெரியவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் தொழில். பெற்றவர்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று லிஃப்டில் இரண்டு தரம் ஏறி இறங்கி, காதை வைத்துக் கேட்டு, "பரவாயில்ல, உங்க ஆயுசுக்குத் தாங்கும்," என்று சான்றிதழ் கொடுத்தவன். அம்மாவையும் அப்பாவையும் எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போவான். தேவாலய வாசல் வரைக்கும் கூட வருவான். உள்ளே மட்டும் வரமாட்டான். அவன் கல்யாணத்திலிருந்து அப்படித்தான்.

அந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்தவர் அப்பாதான். முழு அங்கியில், கூம்புத் தொப்பியோடு, ஊரே மெச்ச நடத்தினார். பிறகு வேறொரு சபையில் நிகழ்ச்சி என்று சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் கிளம்பிப் போனார். "என் கல்யாணத்துக்கு பிஷப் வந்தாரு. எங்கப்பாவுக்குத்தான் நேரம் கிடைக்கல," என்று மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் சொன்னதைச் சிரித்து மழுப்பியது பிஷப்பம்மாதான்.

அவன் அப்படிப் பேசுவது புதிதும் இல்லை. அப்பா பேராயரான புதிதில் வீட்டு ஃபோன் ஓயாமல் அடிக்கும். எடுப்பது இவன் வேலை. "பிஷப் இருக்காரா?" என்று கேட்பார்கள். "பிஷப் இருக்காரு. அப்பாதான் இல்ல," என்பான் பையன். அதைக் கேட்டுப் பேராயர் வயிறு குலுங்கச் சிரிப்பார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். பையன் ஒரு தடவையும் சிரித்ததில்லை என்பதைப் பிஷப்பம்மா மட்டும் கவனித்திருந்தாள்.

"உம் பொண்டாட்டி வரலையா?" என்று கார் கதவைத் திறந்தபடி கேட்டாள். மூன்று வாரமாக அவன் தனியாகத்தான் வருகிறான்.

"வேலை இருக்காம்மா," என்றான். கார் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தான். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தான்.

கார் ஊரைத் தாண்டியதும் பேராயருக்குப் பேச்சு வந்துவிட்டது. முன் இருக்கையில் உட்கார்ந்து, பின்னால் திரும்பித் திரும்பிப் பேசினார்.

"இந்த ரோட்டுலதான் சைக்கிள்ல போவோம், ஞாபகம் இருக்கா? ஒரே நாள்ல மூணு சபை. நீ பின்னாடி கேரியர்ல, திருவிருந்துக் கிண்ணத்தத் துண்டுல சுத்தி மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருப்ப."

"ஞாபகம் இல்லாம என்ன? பள்ளம் வந்தா, கிண்ணம் பத்திரமான்னு கேப்பீங்க. நான் பத்திரமான்னு ஒரு நாளும் கேட்டதில்ல."

"நீ சத்தம் போட்டா பத்திரமா இருக்கேன்னு அர்த்தம். கிண்ணம் சத்தம் போடாதே."

பெரியவன் கூடச் சிரித்தான். பேராயருக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. முதல் சபையில் மழை பெய்தால் ஞானஸ்நானத் தொட்டிக்கு நேரே கூரை ஒழுகியதைச் சொன்னார். தண்ணீர் எடுக்கும் வேலை மிச்சம் என்று, தேவாலய வேலைகளைப் பார்க்கும் கோயிற்பிள்ளை கூரையைச் சரி செய்யவே விடவில்லையாம். கழுத்துப் பட்டை உடைந்துபோன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோப்புத் திரவம் வந்த வெள்ளை பாட்டிலைக் கத்தரித்துப் பட்டையாக்கி பிஷப்பம்மா அவர் சட்டைக் காலரில் செருகிவிட்டதையும், வெயில் ஏற ஏறப் பிரசங்கம் முழுக்க எலுமிச்சை வாசனை அடித்ததையும் சொன்னார். அது அவ்வளவு நன்றாகப் பொருந்தியதால் அதற்குப் பிறகு கடையில் பட்டை வாங்கியதே இல்லை. இன்றைக்கும் அவர் கழுத்தில் இருப்பது ஒரு சோப்பு பாட்டில்தான்.

"அப்புறம் நம்ம மணி," என்றார். "நான் பிஷப்பா பதவி ஏத்த அன்னிக்கு. கதவச் சாத்திடுவாங்க. புது பிஷப் வெளிய நின்னு கோலால மூணு தரம் தட்டணும். உள்ள அவ்வளவு ஜனம், மூச்சுச் சத்தம் கூட இல்ல. நான் தட்டறேன். உள்ளேருந்து இவ குரல். யாரது?"

"கதவே சிரிச்சுது," என்றாள் பிஷப்பம்மா.

"எனக்கும் சிரிப்பு வந்துது. அடக்கிட்டு, மனப்பாடம் பண்ணி வச்சிருந்த பதிலச் சொன்னேன். அப்பாதான் வந்திருக்கேன்னு சொல்லியிருக்கலாம்." பேராயர் ஜன்னல் பக்கம் திரும்பினார். "இன்னிக்கு அவ உள்ள நிக்கப் போறா. நான் பாக்கப் போறேன்."

அவர் குரலில் இருந்த சந்தோஷம் பிஷப்பம்மாவைக் குத்தியது. இதற்கு மேல் மறைத்தால் அது துரோகம்.

"இங்க பாருங்க," என்றாள். "மணி உங்கள வர வேண்டாம்னு சொன்னா."

அவள் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள். ஆசீர்வாதத்தைப் பற்றி, கடைசி வார்த்தையைப் பற்றி, தலையில் படாத கையைப் பற்றி.

பேராயர் நேரே ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பட்டத்தன்னிக்கு நான் போயிருந்தா, எல்லார் கண்ணும் எம்மேலதான் இருக்கும். அவ நாளு கெட்டுடும்னுதான் போகல."

"எல்லார் கண்ணும் சரி. அவ கண்ணும் உங்களத்தான் தேடுச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

பெரியவன் வேகத்தைக் குறைத்தான். "திருப்பவாப்பா?" என்று கேட்டான். குரலில் கேலி இல்லை.

பேராயர் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய், வெள்ளைப் பட்டையை உருவி எடுத்துப் பின்னால் நீட்டினார்.

"இத உன் கைப்பையில போடு. அங்கி கார்லயே இருக்கட்டும். நான் கடைசி பெஞ்சுல உக்காந்துக்கறேன். ஒரு வார்த்தை பேசமாட்டேன். பெத்தவன் பாத்துட்டுப் போறான், அவ்வளவுதான்."

பட்டை இல்லாத அந்தக் கழுத்தைப் பார்க்கப் பிஷப்பம்மாவுக்கு என்னவோ போல் இருந்தது. பிளாஸ்டிக் துண்டைப் பைக்குள் போட்டு மூடினாள்.

* * *

கடைசி பெஞ்சு காலியாக இருந்தால்தானே.

தேவாலயம் நிரம்பியிருந்தது. "ஆயரம்மா" என்று யாரோ கூப்பிட, பிஷப்பம்மா பழைய பழக்கத்தில் சட்டென்று திரும்பினாள். சபையின் குருவானவரை ஜனங்கள் ஆயர் என்பார்கள். அவர் மனைவி ஆயரம்மா. கணவர் பேராயர் ஆகும் முன் வருஷக்கணக்காக அவளுக்கு அதுதான் பேர். ஆனால் கூப்பிட்டவர் இவளைப் பார்க்கவில்லை. அங்கி அறைப் பக்கம் போய்க்கொண்டிருந்த வெள்ளை உடுப்பைப் பார்த்துக் கூப்பிட்டார். அந்த வெள்ளை உடுப்பு திரும்பி, "இதோ வர்றேன்," என்றது. மணியின் குரல்.

தனக்குக் கல்யாணத்தால் வந்த பேர், மகளுக்குப் படித்து வந்திருக்கிறது. பிஷப்பம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அதற்குள் கோயிற்பிள்ளை பார்த்துவிட்டார். மணியடிப்பது முதல் மெழுகுவர்த்தி அணைப்பது வரை அந்தத் தேவாலயத்தில் எல்லாம் அவர்தான். "பிஷப் ஐயா நிக்கிறதாவது," என்று வழியிலிருந்தவர்களை விலக்கி, வேண்டாம் வேண்டாம் என்று முனகிய பேராயரைக் கையோடு நடத்திக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார வைத்தார். போகிற வழியெல்லாம் ஜனங்கள் எழுந்தார்கள். அந்தச் சபையில் பாதித் தலை அவர் கை பட்ட தலை. கடைசி பெஞ்சுத் திட்டம் முதல் நிமிஷத்திலேயே கவிழ்ந்தது.

ஆக, கல்யாணமாகி நாற்பது வருஷத்துக்குப் பிறகு, தேவாலயத்தில் கணவரும் மனைவியும் முதல்முறையாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கணவர் குருவானவரானால் மனைவிக்குப் பெஞ்சில் துணை கிடையாது. அவர் மேலே, இவள் கீழே. ஓய்வு பெற்ற பிறகும் போன சபையிலெல்லாம் அவரைப் பீடத்துக்கு அழைத்துவிடுவார்கள். இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, ஒருத்தன் கொட்டாவியையும் ஒருத்தி சேட்டையையும் அடக்கி, ஒவ்வொரு ஞாயிறும் தனியாகவே உட்கார்ந்து பழகியவள்.

பேராயர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைச் சாய்த்தார். "இங்கேருந்து பீடமே தெரியலையே. பூச்சாடி மறைக்குது."

"நாப்பது வருஷமா நான் பூச்சாடியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள்.

அவர் அவளை ஒரு தினுசாகப் பார்த்தார்.

பாட்டு முடிந்தது. மணி பீடத்தின் முன் வந்து திரும்பினாள். முன் பெஞ்சைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து நிறம் இறங்கியதைப் பூச்சாடியையும் மீறி அம்மா பார்த்தாள். ஒரு கணம்தான். மணி கைகளை விரித்தாள்.

"கர்த்தர் உங்களோடிருப்பாராக."

இரண்டு குரல் கேட்டது. ஒன்று மணியுடையது. இன்னொன்று முன் பெஞ்சிலிருந்து, கணீரென்று, கம்பீரமாக, அரை மாத்திரை முந்தி வந்தது.

யாருக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் சபை விழித்தது.

டக்.

பிஷப்பம்மாவின் கைப்பைக் கொக்கி. அது வெறும் கொக்கிச் சத்தம் இல்லை. சைக்கிள் காலத்திலிருந்து நடக்கிற ரகசியத் தந்தி. இளம் குருவானவர் பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போனால் இவள் கைப்பையைத் திறந்து ஒரு தரம் மூடுவாள். 'போதும், இறங்கி வாங்க' என்று அர்த்தம். பேராயரான பிறகும் அந்தத் தந்திக்கு மட்டும் அவர் கட்டுப்படுவார்.

இப்போதும் கட்டுப்பட்டார். காது வரை சிவந்துபோனார்.

"வாய் தானா வந்துடுச்சு," என்று கிசுகிசுத்தார். "ஜனங்க சொல்ற பதில் என்னன்னே மறந்துபோச்சு. நான் ஒரு நாளும் சொன்னதில்லையே."

பிஷப்பம்மா தன் ஜெபப் புத்தகத்தை அவர் மடியில் விரித்து விரலை வைத்துக் காட்டினாள். அதில் குருவானவர் சொல்வது சாதாரண எழுத்தில் இருக்கும். சபை சொல்வது தடித்த எழுத்தில் இருக்கும்.

"மெல்லிசா இருக்கிறது அவளுக்கு. தடிச்ச எழுத்து நமக்கு. அத மட்டும் படிங்க."

அதன்பின் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அந்தப் பெரிய மனிதர். மெல்லிய எழுத்து வரும்போதெல்லாம் அவர் உதடு துடிக்கும். உதட்டைக் கடித்துக்கொள்வார். தடித்த எழுத்து வந்ததும் முந்திக்கொள்வார், இல்லையென்றால் பிந்திவிடுவார். பாவமன்னிப்பு வார்த்தைகளை மணி அப்பாவைப் பார்க்காமலே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. பிரசங்கம் சுருக்கமாக இருந்தது. கைப்பைக்கு வேலை வைக்கவில்லை.

"நல்லா பேசறா," என்றார் பேராயர், பாதி பெருமையும் பாதி ஆச்சரியமுமாக. "என்னைய மாதிரி இல்ல."

"அதான் நல்லா இருக்கு," என்றாள் பிஷப்பம்மா.

அப்பத்தையும் கிண்ணத்தையும் மகள் உயர்த்தியபோது அவர் கை புத்தகத்தின் மேல் கிடந்தது. கிண்ணத்தைப் பிடித்த மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் போலிருந்தது. இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

ஆசீர்வாதம்.

மணி பீடத்தை விட்டு முன்னே வந்தாள். வலது கையைத் தூக்கப் போனாள். பீடத்துக்கு ஓரமாக நின்றிருந்த சபை மூப்பர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்து, கண்ணால் முன் பெஞ்சைக் காட்டினார். அவர் மேல் தப்பில்லை. அவர் அறிந்த ஒழுங்கு அது. பிஷப் இருக்கும்போது வேறு யார்?

மணியின் கை பாதியில் நின்றது.

சபை முழுதும் முன் பெஞ்சைப் பார்த்தது. மகள் அப்பாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடப் பிஷப்பம்மா தாங்கியிருப்பாள். அது தோற்றுப்போன பிள்ளையின் பார்வை. 'சரிப்பா, நீங்களே சொல்லுங்க' என்கிற மாதிரி மணி ஒரு அடி விலகி இடம் விட்டாள்.

பேராயர் எழுந்தார்.

பிஷப்பம்மா கைப்பையைத் திறந்தாள். மூடினாள். டக். அவர் திரும்பவில்லை. மறுபடி, டக். அந்தச் சத்தம் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. நாற்பது வருஷத்தில் முதல்முறையாகத் தந்தி போய்ச் சேரவில்லை. அவர் வலது கை மேலே எழும்புவதை அவள் பார்த்தாள்.

கை அதற்கு மேல் போகவில்லை. முன்னால் இருந்த கைப்பிடிக் கட்டையைப் பற்றியது. ஒரு கையால் கட்டையையும் மறு கையால் அவள் தோளையும் பிடித்துக்கொண்டு, பேராயர் மெல்ல மெல்லக் கீழே இறங்கினார். முட்டியில் எலும்பு முறுக்கிக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது. டாக்டர் கூடவே கூடாது என்று சொன்ன அந்த முட்டியைத் தரையில் ஊன்றி, மண்டியிட்டு, தலையைக் குனிந்தார்.

உச்சியில் முடி உதிர்ந்து வட்டமாகத் தெரிந்த அந்தத் தலை மகளுக்கு எதிரே இருந்தது. அவள் அதை மேலிருந்து பார்த்திருக்கவே மாட்டாள். எப்போதும் அவர்தான் மேலே.

மணி அசையாமல் நின்றாள். பிறகு விலகிய அடியை முன்னே எடுத்து வைத்தாள். கையை உயர்த்தினாள்.

மெல்லிய எழுத்தில் இருந்த வரிகளை முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை அவளே சொன்னாள். புத்தகம் பார்க்கவில்லை. அந்த வரிகளை அவள் தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். சமாதானம் என்ற இடத்தில் அப்பா எங்கே நிறுத்துவாரோ அங்கேயே அவளும் நிறுத்தினாள். சொல்லி முடித்தபோது சபை வாயடைத்துப் போயிருந்தது. பதில் சொல்ல வேண்டும் என்பதே ஒருவருக்கும் தோன்றவில்லை.

கீழேயிருந்து ஒரே ஒரு குரல் வந்தது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

"ஆமென்."

புத்தகத்தில் அந்த இடத்தில் தடித்த எழுத்தில் இருப்பது அந்த ஒரே வார்த்தைதான். அதன் பிறகுதான் சபை முழுதும் சொன்னது. பிஷப்பம்மாவால் சொல்ல முடியவில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

* * *

மண்டியிட்டது சரி. எழுந்திருப்பது?

கடைசிப் பாட்டு முடிந்து, ஜனங்கள் வெளியே நகரத் தொடங்கினார்கள். பேராயர் கட்டையைப் பிடித்து ஒரு தரம் முயன்றார். முட்டி ஒத்துக்கொள்ளவில்லை.

"வேகத்துல போட்டுட்டேன்," என்றார், வலியிலும் சிரித்துக்கொண்டு. "இப்ப இங்கேயே குடியிருக்க வேண்டியதுதான் போலருக்கு."

பிஷப்பம்மா அவர் அக்குளில் கை கொடுத்தாள். அவளுக்கு ஏது பலம். கோயிற்பிள்ளையைக் கூப்பிடலாம் என்று திரும்பியபோது, இன்னொரு கை மறுபக்கத்திலிருந்து நீண்டது. கிரீஸ் கறை முழுதாகப் போகாத, நகம் ஒட்ட வெட்டிய கை.

"விடும்மா. இது பாரம் தூக்கறவன் வேலை."

பெரியவன். எப்போது உள்ளே வந்தான், எங்கே நின்றான், எதுவரை பார்த்தான் என்று ஒன்றும் தெரியவில்லை. சட்டைத் தோளில் மழைத்துளி காய்ந்திருந்ததை மட்டும் அம்மா கவனித்தாள். மழை ஆராதனையின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் தூறி நின்றுவிட்டது. அப்போதே உள்ளே வந்திருக்கிறான்.

அப்பாவைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, அவர் எதிரே குந்தி உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துவிட்டான். அங்கி அறை வாசலில் மணி நின்றுகொண்டிருந்தாள். ஓடி வரத் துடிக்கிறாள் என்று தெரிந்தது. ஆனால் அண்ணனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இந்தக் கட்டிடத்துக்குள் அவனைப் பார்த்து எத்தனை காலம்.

"அப்பா," என்றான் பெரியவன், முட்டியைப் பார்த்தபடியே. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வாரமா சொல்லணும் சொல்லணும்னு வர்றேன், சொல்லாமப் போறேன்."

பிஷப்பம்மாவுக்குத் துடைத்த கண்ணாடியையே துடைத்த கை ஞாபகம் வந்தது. வராத மருமகள் ஞாபகம் வந்தாள்.

"சொல்லேன்."

"இல்ல." அவன் தலையை ஆட்டினான். "பிஷப்கிட்ட சொல்ற விஷயம் இல்ல அது. அவருகிட்ட சொன்னா, ஒரு சட்டம் சொல்வாரு."

பேராயர் பட்டை இல்லாத காலரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு குனிந்து, மகனின் தலையில் கையை வைத்தார். ஆசீர்வதிக்கிறவர் வைக்கிற மாதிரி இல்லை. முடியைக் கலைக்கிற மாதிரி.

"பிஷப் இல்லடா," என்றார். "அப்பாதான் இருக்கேன். சொல்லு."